வீணையிடம் பாடம் கேட்ட கிடார்

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு ராக் இசைக்குழு தோன்றிற்று. அதன் பெயரைக் கேட்டால் நம் அன்பர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு ஒருவேளை கைகூப்பவும் கூடும். 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்பது அப்பெயர். மேடையின் இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். இடி இடித்தாற்போல் மேலைநாட்டு முரசுகள். நடுவே, ஒரே உடலில் பன்னிரண்டு தந்திகள் கொண்ட ஒரு கழுத்தும் ஆறு தந்திகள் கொண்ட மற்றொரு கழுத்தும் பொருத்திய மின்கிடாரைத் தாங்கியபடி ஒருவர். ராக் இசைக்கலைஞர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் தோள்வரை தொங்கும் முடி அவருக்கில்லை. கிராப்பு ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். உடை முழுதும் வெள்ளை. வாசிக்கத் தொடங்குமுன் சபையினரைச் சிறிது நேரம் மௌனமாக இருக்க வேண்டுவார். ஆரவாரிக்கவே வந்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் அந்த மௌனத்திற்குக் கட்டுப்பட்டார்கள்.

அவர் பெயர் ஜான் மெக்லாஃப்லின். 'மகாவிஷ்ணு' என்பது அவருடைய குருநாதர் அவருக்குச் சூட்டிய நாமம். தன் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்.

இந்த ஏட்டின் பக்கங்களில் ஒரு ராக் கிடார் கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவர் வாழ்க்கைப் பாதை நம் வலவனூர் வழியாகவும், சென்னை வழியாகவும், மானாமதுரைக் குயவர்கள் வனையும் கடத்தின் வழியாகவும் செல்வதால்தான் எழுதத் துணிந்தேன்.

மெக்லாஃப்லின் 1942-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டரில் பிறந்தார். தாயார் வயலின் வாசிப்பவர். வீட்டில் ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. முதலில் பியானோ கற்றார். பதினோராம் வயதில் கிடார் கைக்கு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனுக்குச் சென்று, அங்குள்ள ஜாஸ், புளூஸ் குழுக்களில் வாசித்தும், ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்தும் பிழைத்தார். இக்காலத்தில்தான் தியாசாபிகல் சொசைட்டியின் லண்டன் கிளையில் சேர்ந்ததாகவும், அதன் நூலகத்தின் வாயிலாக ரமண மகரிஷியைப் பற்றி அறிந்ததாகவும் அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அந்தச் சங்கத்தின் தலைமையகம் நம் அடையாற்றில் இருக்கிறது, மகரிஷி திருவண்ணாமலையில். மனிதர் லண்டனை விட்டு அசையாதிருந்த காலத்திலேயே தமிழ்நாடு அவரைத் தேடிச் சென்றுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1969-இல் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தார். ஜாஸ் உலகின் பெருமேதையான மைல்ஸ் டேவிஸ் அந்த ஆண்டே தம் இசைத்தட்டுகளில் வாசிக்க அவரை அழைத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்றில் ஓர் உருப்படிக்கு 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே பெயர் வைத்தார் மைல்ஸ். இருபத்தேழு வயது இளைஞருக்கு இதைவிடப் பெரிய விருது அந்நாளில் கிடையாது.

அடுத்த ஆண்டு அவர் ஸ்ரீ சின்மயி என்னும் குருவை அடைந்தார். சின்மயி 1931-இல் வங்காளத்துச் சிட்டகாங்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்கு வந்து, 1944 முதல் 1964 வரை இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, பிறகு நியூயார்க் சென்றவர். அவரைப் பற்றிப் பலருக்கும் பலவிதக் கருத்துகள் உண்டு. அவற்றை ஆராய்வது என் நோக்கமன்று. மெக்லாஃப்லின் அவரிடம் தியானம் பயின்றார், புலால் உண்பதை விட்டார், முடியைக் குறைத்தார், வெள்ளாடை உடுத்தார். போதைப்பொருள் வீட்டுச் சர்க்கரை போலப் புழங்கிய அன்றைய ராக் உலகில் இது சாதாரணக் காரியமன்று. அக்காலத்து இசைக்குழுக்களில் இளவயதிலேயே மாண்டவர்களின் பட்டியல் நீளமானது.

சரி, மகாவிஷ்ணு என்னும் திருநாமத்தை ஓர் இரைச்சலான குழுவுக்குச் சூட்டலாமா? நியாயமான கேள்வி. எனக்கு அஜாமிளன் கதைதான் நினைவுக்கு வருகிறது. மகனை 'நாராயணா' என்று கூவி அழைத்தவனுக்கே விஷ்ணு தூதர்கள் வந்து நின்றார்கள் என்று பாகவதம் சொல்கிறது. நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நின்ற அமெரிக்க இளைஞர்கள் அந்நாமத்தை எத்தனை முறை உச்சரித்திருப்பார்கள்! கணக்கு வைத்திருப்பவனுக்குத்தான் வெளிச்சம்.

குழுவில் ஐவர். பனாமாவில் பிறந்த பில்லி காபம் முரசு. செக் நாட்டு யான் ஹாமர் விசைப்பலகை. அமெரிக்கரான ஜெர்ரி குட்மன் வயலின். அயர்லாந்துக்காரரான ரிக் லெயர்ட் பாஸ் கிடார். முதல் இசைத்தட்டு 1971-லும் அடுத்தது 1973-லும் வெளிவந்தன. மேலைநாட்டு ராக் இசை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்குள் அடங்கும். இவர்களோ ஏழு, ஒன்பது, பத்து என்று நம் மிருதங்க வித்வான்கள் விரல்மடக்கிப் போடும் கணக்குகளில் வாசித்தார்கள். இவ்வளவு கடினமான இசைக்கு இவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்தது வியப்பே. ஆயினும் ஐவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1973 முடியும்போது முதல் குழு கலைந்தது. வேறு கலைஞர்களோடு இரண்டாம் குழு 1975 வரை நடந்தது. அந்தக் காலகட்டத்திலேயே அவர் குருநாதரிடமிருந்தும் விலகினார். 'மகாவிஷ்ணு' என்னும் பட்டத்தையும் துறந்து வெறும் ஜான் ஆனார். தியானத்தை மட்டும் விடவில்லை.

இதற்கு முன்பே அவர் சத்தமின்றி வேறொரு காரியம் செய்துவந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நம் கர்நாடக இசை பாடமாகக் கற்பிக்கப்பட்டுவந்தது. அங்கிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்கச் சென்றார்.

டாக்டர் எஸ். ராமநாதனை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரத்திற்கு அருகிலுள்ள வலவனூரில் 1917-இல் பிறந்தவர். வாய்ப்பாட்டும் வீணையும் ஒருங்கே கைவரப்பெற்றவர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1985-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. இன்று மேடையில் புகழோடு விளங்கும் சௌம்யா அவருடைய சிஷ்யை. ஆடம்பரம் சிறிதும் அறியாத மனிதர். பல்லாயிரவர் கைதட்டலைக் கேட்டுப் பழகிய ஒரு கிடார் கலைஞர், அந்த எளிய மனிதர் முன் தரையில் சம்மணமிட்டு, தொடக்க மாணவனாக அமர்ந்தார். இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தது இது.

இங்கே சற்று நின்று, அவர் எதைக் கற்கப் போனார் என்பதைச் சொல்லவேண்டும். வாசிக்கும் வேகம் அவரிடம் ஏராளமாக இருந்தது. இல்லாதது கமகம்.

நம் இசையில் ஸ்வரம் என்பது நட்டு வைத்த கம்பம் அன்று. தோடியின் காந்தாரத்தை ஆட்டாமல் அசைக்காமல் பிடித்தால் அது தோடியாகாது. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும், அசைந்தும், தொட்டும் தொடாமலும் செல்வதில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. குரலுக்கு இது இயல்பு. வயலினில் விரல் தடையின்றி நழுவும். வீணையிலோ தண்டியின்மேல் இருபத்துநான்கு மெட்டுகள் இருக்கின்றன. (பாட்டின் மெட்டு அன்று, தந்தியின் கீழ் நிற்கும் உலோகப் பட்டிகளைத்தான் சொல்கிறேன்.) அவை மரத்தில் நேரே பதிக்கப்படாமல், இருமருங்கிலும் உயர்ந்த மெழுகுக் கட்டின்மேல் அமர்த்தப்பட்டிருக்கின்றன. ஆகவே மெட்டுக்கும் அடியிலுள்ள மரத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டு. வைணிகர் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரல் மரத்தில் உரசுவதில்லை. ஒரே மெட்டில் நின்று, இழுப்பின் அளவாலேயே மேலே சில ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். கலைவாணியின் கருவியை வடிவமைத்த நம் முன்னோரின் நுட்பம் இது.

கிடாரில் இந்த வசதி இல்லை. மெட்டுகள் கழுத்தின் மரத்திலேயே பதிந்து கிடக்கின்றன. தந்தியை ஓரளவு வளைக்கலாம். புளூஸ் கலைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் விரல்நுனி மரத்தில் உராய்வதால் கமகத்தின் நுண்ணிய அசைவுகள் கைக்கு எட்டுவதில்லை.

மெக்லாஃப்லின் என்ன செய்தார்? கிப்சன் நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய ஆபிரகாம் வெக்டர் என்னும் கருவி வினைஞரைக் கொண்டு தமக்கென்று ஒரு மரக்கிடார் செய்வித்தார். அதில் இரண்டு மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கி எடுக்கப்பட்டது. வீணையில் மெட்டை உயர்த்திப் பெற்ற வெற்றிடம், இங்கே மரத்தைத் தாழ்த்திப் பெறப்பட்டது. அதோடு, ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு கூடுதல் தந்திகள் கட்டப்பட்டன. வேண்டும்போது அவற்றை மீட்டிச் சுருதி எழுப்பலாம். மீட்டாதபோதும் மற்றத் தந்திகளின் நாதத்திற்கு இசைந்து தாமே மெல்ல ஒலிக்கும். வீணையின் பக்கத் தந்திகளையும் சிதாரின் அடித்தந்திகளையும் கண்டவர்களுக்கு இது எங்கிருந்து வந்ததென்று சொல்லவேண்டியதில்லை.

அதே வெஸ்லியனில்தான் அவருக்கு லட்சுமிநாராயண ஷங்கரின் நட்பும் கிடைத்தது. எல். ஷங்கர் 1950-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை வித்வான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். ஆகவே ஷங்கர் வளர்ந்தது ஈழத் தமிழ் மண்ணில். எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் இவருடைய தமையன்மார். கிடாரும் வயலினும் சேர்ந்தன. உஸ்தாத் அல்லா ரக்காவின் மைந்தர் ஜாகிர் உசேன் தபலாவோடு வந்தார். வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்த ராம்நாட் வி. ராகவனும் தொடக்கத்தில் உடனிருந்தார். பிறகு கடம்.

டி.எச். விநாயக்ராம், ரசிகர்களின் 'விக்கு'. மெக்லாஃப்லின் பிறந்த அதே 1942-இல் பிறந்தவர். தந்தையார் ஹரிஹர சர்மா சென்னையில் 1958-இல் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்ய வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடினாரே, காஞ்சி மகா பெரியவர் அருளிய 'மைத்ரீம் பஜத' உலக நாடுகளின் பிரதிநிதிகள் முன்னே ஒலித்ததே, அந்தக் கச்சேரியில் கடம் வாசித்தவர் இவர்தான். பெரியவரிடம் நெஞ்சுருகும் பக்தி கொண்டவர். நெற்றியில் திருநீறும் குங்குமமும் மாறாமல், வயிற்றோடு குடத்தை அணைத்தபடி அமர்ந்தார் என்றால், அது சண்முகானந்த சபையா, ஐரோப்பிய அரங்கமா என்ற வேறுபாடு அவருக்குக் கிடையாது. களிமண்ணைச் சுட்டுச் செய்த ஒரு பானை, மின்சார இசையில் ஊறிய செவிகளைக் கட்டிப்போட்டது. உருப்படி முடியும் உச்சத்தில் அவர் குடத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இவர்கள் கூடிய குழுவுக்கு 'சக்தி' என்று பெயர். 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நிகழ்த்திய கச்சேரி பதிவு செய்யப்பட்டு, முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் உள்ளவை மூன்றே உருப்படிகள். ஒன்றின் பெயர் 'தாமரைத் திருவடி' என்று பொருள்படும். அரைமணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும் மற்றொன்றின் பெயரோ ஒரு பாசுரத்தின் கருத்துப்போல நீள்கிறது: இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு, என் இறைவனின் திருவடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தமே என்பது அதன் பொருள். பாடல் வரிகள் ஏதுமில்லை, வாத்தியம் மட்டுமே. ஆகவே பக்தியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் தலைப்பு ஒன்றுதான்.

மேடையின் தோற்றமே மாறிற்று. ஆளுயர ஒலிபெருக்கிகள் போயின. தாழ்வான மேடை, விரிப்பு, சம்மணமிட்ட ஐவர். இரட்டைக் கழுத்து மின்கிடாரையும் இடிமுழக்கத்தையும் எதிர்பார்த்து வந்த பழைய ரசிகர்களில் பலர் திகைத்தார்கள், சிலர் ஏமாந்தார்கள். மகாவிஷ்ணு குழுவின் தட்டுகள் விற்ற அளவுக்குச் சக்தியின் தட்டுகள் விற்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் மனுக்களைப் படித்துத் தேய்ந்தவை என் கண்கள். நன்றாக நடக்கும் வியாபாரத்தை மூடிவிட்டு, சந்தையே இல்லாத சரக்கை விற்கப்போவதாக ஒருவர் மனுவோடு வந்திருந்தால், 'பரிந்துரைக்க இயலாது' என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பமிட்டிருப்பேன். அவர் யாரிடமும் மனுப் போடவில்லை. மேலும் இரண்டு தட்டுகள் 1976-லும் 1977-லும் வந்தன. 1978-இல் சக்தி கலைந்தது. அவரவர் பாதையில் சென்றனர்.

வெளிநாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்காக உள்ளூர்ச் சங்கதி ஒன்று. எங்கள் எளாவூரில் சனிக்கிழமைதோறும் ஒரு சிறிய பஜனை நடக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஆர்மோனியம் வாசித்த பெரியவர் இரண்டாண்டுகளுக்கு முன் பெங்களூரிலுள்ள மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் ஜால்ராவும் டோலக்கும்தான். சுருதி இல்லாமல் ஆளுக்கொரு கட்டையில் பாடுவோம்; பெருமாள் பொறுத்துக்கொள்கிறார். மார்கழி வீதி பஜனைக்கு நான்கு பேர் சேர்ந்தால் அதுவே பெரிது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், தென்மாவட்டத்துப் பிள்ளை, கோயிலுக்குத் தவறாமல் வருபவன். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஐயா, என்கிட்ட கிடார் இருக்கு. பஜனைக்குக் கொண்டுவரலாமா?"

சபை இரண்டுபட்டது. கிடார் சினிமாக் கருவி என்றார் ஒருவர். சர்ச்சில் வாசிப்பது என்றார் மற்றொருவர். வேறு கருவியே இல்லையே என்றார் மூன்றாமவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் எல்லாரிலும் கடுமையாக மறுத்தார். நான் அவருக்குச் சொன்ன பதில் மெக்லாஃப்லின் கதையன்று. எங்களுக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள மணலியின் கதை.

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் ராமசுவாமி தீட்சிதர், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவை ஏற்றுக் குடும்பத்தோடு மணலியில் வந்து வாழ்ந்தார். அங்கிருந்துதான் முத்துசுவாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்றார். திரும்பி வந்தபின் எங்கள் மாவட்டத்துத் திருத்தணியில் முருகன் அவர் வாயில் கற்கண்டு இட, முதல் கீர்த்தனம் பிறந்தது என்பதை அன்பர்கள் அறிவார்கள். மணலியில் வாழ்ந்த நாளில் அக்குடும்பத்தினர் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பாண்டு இசையைக் கேட்டனர். அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் தெய்வத் துதிகளை இயற்றினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகள் பாடுகின்றன. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ அங்கிருந்த ஐரோப்பியக் கலைஞரிடம் வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டுகள் ஆயின. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அதைச் சர்ச்சில் வாசிக்கும் கருவி என்று யாராவது தள்ளுகிறோமா?

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனை விதித்தார். பையன் முதலில் தம் வீட்டுக்கு வந்து சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கற்கவேண்டும். மாயாமாளவகௌளை கையில் நின்றபிறகுதான் சன்னிதியில் கிடார். பையன் ஒப்புக்கொண்டான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வழியும் கண்ணோடு அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ரிஷபம் சரியாக அசையவில்லை என்று அவர் அதட்டுவது தெருமுனை வரை கேட்கிறது. 'கிடார் வேண்டாம்' என்றவர் இப்போது 'இந்தத் தந்தியை இன்னும் இழு' என்கிறார்.

மெக்லாஃப்லினிடம் திரும்புவோம். சக்தி கலைந்தபின் அவர் ஸ்பெயின் நாட்டு பாக்கோ டி லூசியாவோடும் அமெரிக்கரான அல் டி மியோலாவோடும் சேர்ந்து மூன்று மரக்கிடார்களின் கச்சேரிகளை நிகழ்த்தினார். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பதிவான அவர்களுடைய கச்சேரி பெரும்புகழ் பெற்றது. இவ்விவரங்களை விரித்துச் சொல்லத் தகுந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். விநாயக்ராமோ 1992-இல், ஜாகிர் உசேன் உள்ளிட்ட பல நாட்டுத் தாளவாத்தியக் கலைஞர்களோடு வாசித்த இசைத்தட்டுக்காக அமெரிக்காவின் கிராமி விருதில் பங்குபெற்றார். மண்பானைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

1997-இல் பழைய நண்பர்கள் மீண்டும் கூடினர். இம்முறை குழுவின் பெயர் 'சக்தியை நினைமின்' என்னும் பொருள் தரும்படி அமைந்தது. ஷங்கரின் இடத்தில் முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. பிறகு வந்தவர் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ்.

ஸ்ரீனிவாஸ் 1969-இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் பிறந்தார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; பையன் கேட்டு வாசிப்பான். ஆதலால் அவருடைய மாண்டலின் பாடிற்று. எட்டுத் தந்திகள் கொண்ட மேலைநாட்டு மாண்டலினை ஐந்து தந்திகள் கொண்ட மின்மாண்டலினாக மாற்றிக்கொண்டு, பால்முகம் மாறாத வயதில் சென்னைச் சபாக்களை அவர் வென்றதைக் கண்ணாரக் கண்டவர்கள் இந்த ஏட்டின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவருக்கும் முதலில் எதிர்ப்பு இருந்தது. இது என்ன கருவி, இதில் கமகம் வருமா என்றார்கள். வாசித்துக் காட்டிய பிறகு கேள்வி எழவில்லை. வேறு வேறு திசையிலிருந்து ஒரே சிக்கலை அவிழ்த்த இருவர், மெக்லாஃப்லினும் ஸ்ரீனிவாஸும், ஒரே விரிப்பில் எதிரெதிரே அமர்ந்து கேள்வியும் பதிலுமாக வாசித்தார்கள். தம்மைவிட இருபத்தேழு வயது இளைய அவரை மெக்லாஃப்லின் பார்க்கும் பார்வையை ஒளிப்பதிவுகளில் காணலாம். வாசிப்பதை மறந்துவிட்டு வாய்திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

விநாயக்ராமின் இடத்திற்கு அவர் மைந்தர் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். இன்னும் சில ஆண்டுகளில் பாடகர் ஷங்கர் மகாதேவன் சேர்ந்தார். செல்வகணேஷும் மெக்லாஃப்லினும் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஓர் ஒளித்தகடும் வெளியிட்டனர். தகதிமி, தகஜுணு என்று கைத்தாளத்தோடு ஓர் ஆங்கிலேயர் பாடம் சொல்லுகிறார். எந்தக் கருவியும் வேண்டாம், வாயும் கையும் போதும், உலகத்து எந்தத் தாளத்தையும் இதனால் கற்கலாம் என்பது அவர் கொள்கை. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தகதிமி தெரியும்?

2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் சென்னையில் ஸ்ரீனிவாஸ் இறைவனடி சேர்ந்தார். வயது நாற்பத்தைந்து. குழு மௌனமாயிற்று. மெக்லாஃப்லினுக்கும் முதுமை; விரல் மூட்டுகளில் வாதம் கண்டது. கிடார் கலைஞருக்கு இது பாடகரின் தொண்டை அடைத்துக்கொள்வதற்குச் சமம். 2017-இல் அமெரிக்காவில் விடைபெறும் பயணம் என்று அறிவித்து வாசித்தார். அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தனர்.

முடியவில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில், அவரவர் ஊரிலிருந்தபடியே தத்தம் பகுதியைப் பதிவுசெய்து அனுப்பி, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 'சக்தி' என்னும் பழைய பெயரிலேயே ஒரு புதிய இசைத்தொகுப்பை உருவாக்கினார்கள். மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், ஷங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகிய ஐவர். குழுவின் பொன்விழாவென்று 2023-இல் இந்தியாவிலும், விடைபெற்றுவிட்ட அமெரிக்காவிலும் கச்சேரிகள் செய்தனர். எண்பதைக் கடந்த மெக்லாஃப்லின் எல்லாவற்றிலும் வாசித்தார். அந்தத் தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், எழுபத்துமூன்றாம் வயதில், ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

அந்தத் தொகுப்பில் ஓர் உருப்படிக்கு 'மோகனம்' என்றே பெயர். வெளிநாட்டில் விற்கும் தட்டில் நம் ராகத்தின் பெயர் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. முதலாவதாக ஒலிக்கும் உருப்படிக்கு 'ஸ்ரீனியின் கனவு' என்று பொருள்படும் பெயர். 2014-இல் மறைந்த மாண்டலின் ஸ்ரீனிவாஸை நினைந்து வைத்தது. என் பேத்தி அதைக் கைபேசியில் போட்டுக்காட்டினாள். ஒலியைக் கூட்டச் சொல்லி இரண்டுமுறை கேட்டேன்.